மூசையின்றி உருகும் பொருள்

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் பௌதிகப் பொருளில் எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். காரணம் பின்னர்க் கூறுவேன்.

பொற்கொல்லர்க்கு மூசை இன்றியமையாதது. பொன் உருகுவது 1064 பாகை செல்சியசில். அவ்வெப்பத்தை மூசை தாங்கும். அலுமினியம் ஒட்சைட்டு உருகுதற்கோ 2050 பாகையளவு வேண்டும். பிளாற்றினக் கலம் 1768 பாகையிலேயே தானும் உருகிவிடும். அதனினும் வலிய கலங்களும் அவ்வெப்பத்தில் உருகிய பொருளோடு கலந்து அதனை மாசுபடுத்தும். ஆதலின் அறிஞர் கலத்தையே நீக்கிவிட்டனர்.

இறுப்பிட்டியில் யான் சிறுவனாயிருந்த காலத்துப் பப்பாசி இலைக்காம்பை நிமிர்த்தி, அதன் வாயில் உலர்ந்த சிறுகாயொன்றை வைத்து ஊதுவோம். மூச்சு உள்ளவரை அஃது அந்தரத்தில் ஆடும். இம்முறையும் அதுவே. கூம்பு வடிவான குழல்வாயின் வழியே ஆகன் அல்லது ஒட்சிசன் வாயு மேனோக்கிப் பாய, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான மணியொன்று அதன்மேல் மிதக்கும். லேசர்க் கதிர் அதனை உருக்கும். உருகிய துளி பரப்பிழுவிசையால் உருண்டு திரண்டு நிற்கும்.

உருகுதலினும் உறைதலே வியப்புடையது. பாகு ஆறும்போது கற்கண்டு பற்றுவது நூலிலும் சட்டியின் சுவரிலுமன்றோ? பளிங்கு தோன்றுதற்கு அத்தகைய பற்றிடம் துணையாகும். அந்தரத்து நிற்கும் துளிக்குச் சுவர் இல்லை. ஆதலின் உறைநிலைக்குக் கீழே பன்னூறு பாகை குளிர்ந்தும் சில பொருள்கள் திரவமாகவே இருக்கும். விரைந்து குளிரின் பளிங்காகாது கண்ணாடியாய் இறுகுவனவும் உள. 2015ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தார் அலுமினியம் ஒட்சைட்டையும் தந்தாலம் ஒட்சைட்டையும் இவ்வாறு உருக்கி, மிக வலிய கண்ணாடி மணிகளைப் பெற்றனர். மணியளவே; சாளரத்துக்கு அது போதாது.

இனி, யான் எழுதப் புகுந்த காரணம். மாணாக்கன் ஒருவன் மிகைக்குளிர்ச்சியின் வரைவிலக்கணத்தை ஓரெழுத்தும் பிழையாது ஒப்புவித்தான். “கண்டதுண்டா, தம்பி?” என்றேன். “இல்லை, ஐயா” என்றான். குறை கலைச்சொல்லில் இல்லை. சொல்லுக்குரிய பொருளை நாம் காட்டாமையிலேயே உள்ளது. தமிழ் அறிவியலுக்குப் போதாதென்பார் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

யூபிலி நினைவாக வாயில் வளைவு கட்டலாமெனப் பழைய மாணவர் சிலர் கூறுகின்றனர். வளைவு அழகியதே, யான் தடை சொல்லேன். எனினும் அச்செலவில் ஒரு சிறுபங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றேன். தூய நீர்ப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் அசையாது வைத்தெடுத்துத் தட்டினால், உறையாதிருந்த நீர் கண்முன்னே பனிக்கட்டியாதலைக் காட்டலாம். மிதத்தலைக் காட்டக் காற்றூதியொன்றும் மேசைப்பந்தொன்றும் போதும். இவற்றின் விலை, விழாவில் விருந்தினர்க்கு இடும் மாலைகளின் விலையை மிகாதென எண்ணுகின்றேன். பந்தை யான் வாங்கி வைத்துவிட்டேன். காற்றூதிதான் இன்னும் வரவில்லை.