தாய்ப்பேயின் தெருவோர அடுப்புகள்



இம்மாதம் உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்கிறேன். உணவு பதனிடல் பற்றிய ஒரு வாரப் பயிற்சிக்காகத் தாய்வானின் தலைநகரான தாய்ப்பேக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்த மறுநாள் ஓய்வு. ஊரைச் சுற்றிக் காட்டவும் தெருவோரச் சாப்பாடுகளைச் சுவைக்க வைக்கவும் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். "உங்களை ஆயி என்று கூப்பிடலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்களுடைய மொழியில் வயதில் மூத்த பெண்களை அழைக்கும் சொல் அது. நமது ஆச்சியும் ஆயியும் நினைவுக்கு வர, மறுப்பேதும் சொல்லாமல் தலையாட்டினேன்.

புறப்படும்போதே என் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். நான் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்பதில்லை. அவர் சற்று யோசித்தார். அங்கே பன்றிக் கொழுப்பு பல சமையல்களில் சேரும். பார்வைக்கு வெறும் சோறாகவும் மரக்கறியாகவும் இருப்பதில்கூட அது இருக்கலாம். ஆனால் பௌத்த வழக்கத்தால் சைவ உணவு உண்போரும் அங்கு ஏராளம். சைவக் கடைகளின் பெயர்ப்பலகையில் 'சூ' என்று ஒலிக்கும் ஓர் எழுத்து இருக்கும். அதை என் குறிப்புப் புத்தகத்தில் பெரிதாக எழுதித் தந்தார். அந்தச் சைவத்தில் வெங்காயமும் உள்ளியும்கூட விலக்கு என்று அறிந்தபோது, விரத நாட்களில் அவற்றை விலக்கும் நம்மவர்களை நினைத்துக்கொண்டேன்.

முதலில் சென்றது லொங்ஷான் கோயிலுக்கு. சீனாவின் பூஜியன் பகுதியிலிருந்து வந்து குடியேறியோர் 1738 இல் கட்டிய கோயில் இது. கருணையின் வடிவமான குவான்யின் தேவிதான் மூலவர். 1945 இல், உலகப் போரின் கடைசி மாதங்களில், வானிலிருந்து விழுந்த குண்டுகளால் பிரதான மண்டபம் அழிந்தது. தேவியின் சிலை தப்பியது. வழக்கமாக அக்கம்பக்கத்தவர் கோயிலில்தான் தஞ்சம் புகுவார்களாம். அன்றிரவு நுளம்புத் தொல்லை தாங்காமல் வீடுகளுக்குப் போய்விட்டதால் உயிர் தப்பினார்கள் என்று ஊரார் சொல்வதாக வழிகாட்டி கூறினார். குண்டு விழும் இரவில் கோயிலில் போய் இருப்பதன் பொருள் எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லாதது. சிறிது நேரம் பேசாமல் நின்றேன்.

பிறைவடிவச் சிவப்பு மரத்துண்டுகள் இரண்டைக் கையில் ஏந்தி, மனதில் கேள்வியை நினைத்து, நிலத்தில் போடுகிறார்கள். ஒன்றின் தட்டைப் பக்கமும் மற்றதன் வளைந்த பக்கமும் மேலே வந்தால் "ஆம்". இரண்டும் தட்டையாக வந்தால் தெய்வம் சிரிக்கிறது. கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். நாம் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்காகத் தாய்மார் நின்ற வரிசையே அங்கு நீளமாக இருந்தது!

அருகிலுள்ள மூலிகை ஒழுங்கையில் கசப்பான ஒரு குடிநீர் குடித்தோம். பின்னர் ரயிலில் ஏறி 508 மீற்றர் உயரமான தாய்ப்பே 101 கட்டடத்தைப் பார்க்கப் போனோம். சூறாவளிக் காற்றில் கட்டடம் அதிகம் ஆடாதிருக்க, 660 தொன் எடையுள்ள இரும்புக் குண்டொன்றை உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள். தெருவெல்லாம் தின்னும் இந்த நகரத்தில் ரயிலினுள்ளே ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதும் குற்றம் என்பதையும் அன்று அறிந்தேன்.

பிற்பகலில் டிஹுவா வீதி. பழைய கடைகள், முன்னால் வளைவுத் தாழ்வாரங்கள். உலர்ந்த காளான், மருந்துச் சரக்கு, துணி, தேயிலை எல்லாம் அங்கே உண்டு. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார் என்று பாடசாலையில் படித்தோம் அல்லவா? இரண்டே ஆண்டுகளின் பின், 1869 இல், ஜோன் டொட் என்ற பிரித்தானிய வணிகர் இப்பகுதியிலிருந்து ஊலொங் தேயிலையை நியூயோர்க்குக்கு அனுப்பினார். இந்தத் தாழ்வாரங்களில் வரிசையாக அமர்ந்து, தேயிலையிலிருந்து காம்பும் பழுதும் பொறுக்கியவர்கள் பெண்களும் சிறுமிகளும்தான். வணிகரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பொறுக்கியவர்களின் பெயர்கள் எங்கே? நமது மலையகத்திலும் கதை இதுதானே.

அங்கேதான் முதற்தடவையாக முத்துத் தேநீர் குடித்தேன். பால் கலந்த குளிர்ந்த தேநீரில் கறுப்பு உருண்டைகள் மிதக்கும். தடித்த உறிஞ்சியால் உறிஞ்சிச் சவைக்கவேண்டும். 1980களில் அங்கு தோன்றிய பானம் இது. தாம்தான் முதலில் செய்ததாக இரண்டு கடைக்காரர் நீதிமன்றம் வரை போனார்கள். உருண்டை வேறொன்றுமில்லை, மரவள்ளி மா. நமது சவ்வரிசியின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணியிருக்கும். ஒழுங்கையொன்றில் நடக்கையில் பழக்கமான இசை கேட்டது. நம்மூர் பாண் ஓட்டோவின் அதே பீத்தோவன் இசை! பாண் வருகிறதென்று திரும்பிப் பார்த்தால், வீடுகளிலிருந்து பெண்களும் ஆண்களும் பைகளோடு ஓடுகிறார்கள். வந்தது குப்பை வண்டி. தெருவில் குப்பைத் தொட்டிகள் மிகக் குறைவு. வண்டி வரும்போது அவரவர் குப்பையை அவரவரே தரம் பிரித்துக் கொண்டுவந்து போடவேண்டும். நான் சிரித்த சிரிப்பின் காரணத்தை விளங்கவைக்க நெடுநேரம் பிடித்தது.

இருட்டியதும் நிங்சியா இரவுச் சந்தை. வெளிச்சப் பலகைகளோடு கடைகள் அடுத்தடுத்து நின்றன. புளிக்கவைத்த சோயாக் கட்டியைப் பொரிக்கும் நாற்றம் முதலில் வந்து மூக்கைப் பிடிக்க வைத்தது. "கருவாட்டை நினைத்துக்கொண்டு வாயில் வையுங்கள் ஆயி" என்றார் வழிகாட்டி. வைத்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, கூடவே புளித்த கோவா. நாற்றம் வாய்க்குள் போனதும் மறைந்துவிட்டது. கச்சான் தட்டைச் சீவித் தூவி, ஐஸ்கிறீமும் கொத்தமல்லி இலையும் வைத்து மெல்லிய ரொட்டியில் சுற்றித் தந்ததும் நன்றாகவே இருந்தது.

என் கால்கள் நின்றது வற்றாளை உருண்டைக் கடையில். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தாய்ச்சியின் முன் நின்றார். பின்னால் சின்ன வாங்கில் பேரப்பிள்ளை வீட்டுவேலை எழுதிக்கொண்டிருந்தது. அவித்து மசித்த வற்றாளையில் ஏறத்தாழ அரைவாசி எடை மரவள்ளி மாவும் சிறிது சீனியும் சேர்த்துப் பிசைந்து உருட்டுகிறார். மெல்லிய சூட்டில் இட்டு, மிதந்து வந்ததும் கரண்டியால் அமுக்கி அமுக்கி விடுகிறார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் உருண்டை ஊதிப் பெருக்கிறது, உள்ளே வெறுமை. வீட்டில் செய்துபார்க்க விரும்புவோர் குறித்துக்கொள்ளுங்கள்: அமுக்காவிட்டால் ஊதாது.

வழிகாட்டி அவரை அழைத்த சொல்லின் பொருளைக் கேட்டேன். 'முதலாளியின் மனைவி' என்று பொருளாம். கடையை நடத்தும் பெண்ணையும் அப்படித்தான் அழைப்பார்கள். நமது முதலாளியம்மாதான்! இவருடைய கடையில் வேறு முதலாளி எவரும் இல்லை. இருபத்தேழு வருடங்களாகத் தனியே நடத்துகிறார். மழை பெய்தால் வியாபாரமில்லை, முழங்கால் வலிக்கிறது என்றார். ஆனால் குரலில் முறைப்பாடு இல்லை.

ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். என் அம்மா சந்தியில் அப்பம் சுட்டு விற்றுத்தான் எங்களைப் படிப்பித்தார். பாடசாலைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் நான் 'வீட்டுப்பணி' என்று எழுதினேன். தோழிகளோடு வரும்போது அந்தச் சந்தியைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். அன்று தெருவில் நின்று உருண்டையைக் கடித்தபடி, என் அம்மாவும் இப்படி அடுப்போடு நின்றவர்தான் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். முதலாளியம்மா கரண்டியை நிறுத்தாமலே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒன்று என்ன விலைக்கு விற்றார்?"

எனக்குத் தெரியவில்லை. நான் ஒருபோதும் கேட்டதில்லை.

இரவு பத்து மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். ரயில் மேடையில் இரவில் தனியே வரும் பெண்கள் நிற்பதற்கென்று கண்காணிப்புக் கமராவுடன் ஓரிடம் அடையாளமிடப்பட்டிருந்தது. கையில் சாப்பாட்டுப் பொதிகளோடு வீடு திரும்பும் பெண்கள் பலர் அங்கு நின்றார்கள். எவர் முகத்திலும் அவசரமில்லை.

அறைக்கு வந்ததும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஏழரை மணி. எண்பத்திரண்டு வயது அம்மா, சுகம் விசாரிப்பதற்கு முன்பே நான் கேட்ட கேள்வியில் திகைத்துப்போனார். பிறகு கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்:

"வெள்ளையப்பம் இருபத்தைந்து சதம், பாலப்பம் முப்பத்தைந்து. ஏன் பிள்ளை, அங்கே என்ன விலையாம்?"

வாசகிகளே, உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். கணக்கு அவரிடம் பத்திரமாக இருக்கும்.