கேட்கும் இதயம்

2017 ஏப்ரல் 14 புனித வெள்ளி; சித்திரைப் புத்தாண்டும் அன்றே. அன்று பிற்பகல் கொலன்னாவை, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேட்டை அகற்றுமாறு அம்மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்தனர். ஆட்சியாளர் அறிந்திருந்தும் தீர்வு பிந்தியது.

சுமையைக் குறைக்குமாறு மக்கள் வேண்டியபோது மன்னர் ரெகபெயாம் மூன்று நாள் தவணை கேட்டார். முதியோரின் ஆலோசனையைத் தள்ளிக் கடுமொழி பகர்ந்தார். பத்துக் குலங்களை இழந்தார் (1 அரசர் 12). அச்சுமையை ஏற்றியவர், இளமையில் இறைவனிடம் கேட்கும் இதயத்தை வேண்டிய அவருடைய தந்தை சாலமோனே (1 அரசர் 3:9)!

எனவே அவ்வரம் நாள்தோறும் வேண்டப்பட வேண்டியது. தவணை கேட்பது செவிமடுப்பதாகாது. நாடாள்வோர்க்கும், பங்கை வழிநடத்துவோர்க்கும், இல்லத்தில் பெற்றோராகிய நமக்கும் இது பொருந்தும். நம்மிடம் முறையிட்டுக் காத்திருப்பவர் யார்? சிந்திப்போம், இன்றே செவிகொடுப்போம்.