திரியாய்க் கல்லெழுத்தும் ஓட்டிசம் உள்ளவர்களின் பார்வையும்

ஓட்டிசம் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை குழந்தைகளைப் பற்றியவை. எந்த வயதில் பேச்சு வரும், எந்தப் பாடசாலை சேர்த்துக்கொள்ளும், என்ன பயிற்சி கொடுக்கலாம் என்பவையே அவற்றின் கேள்விகள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள். முப்பது நாற்பது வயதில் ஓட்டிசத்தோடு வாழ்பவர்கள் உலகை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நம்மிடையே கேட்பாரில்லை. கேட்காமலேயே ஒரு தீர்ப்பை மட்டும் சொல்லிவிடுகிறோம்: "சின்னச் சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கொண்டு நிற்பான், முழுசா என்ன எண்டு விளங்காது."

இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஈழத்தில் ஓட்டிசம் என்கிறோம். தமிழகத்தில் ஆட்டிசம் என்கிறார்கள். மதியிறுக்கம் என்றொரு சொல்லும் வழக்கில் உண்டு. அதனை நான் எழுதுவதில்லை. இறுகிப்போன மதி என்று பெயரிலேயே தீர்ப்பெழுதிவிட்டால், பிறகு விசாரணை எதற்கு?

அறிவியல் என்ன சொல்கிறது? பெரிய 'ப' ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். உற்றுப் பார்த்தால் அது சிறிய 'ட' எழுத்துகளை அடுக்கி அமைத்த 'ப'. டேவிட் நேவன் என்ற உளவியலாளர் 1977இல் இத்தகைய படங்களை ஆங்கில எழுத்துகளால் அமைத்துச் சோதித்தார். பெரும்பாலானோர் கண்ணுக்குப் பெரிய எழுத்தே முந்திக்கொள்கிறது. முழுமை முதலில், பகுதி பிறகு என்பது நம்மில் பலருக்குப் பிறவிப் பழக்கம்.

ஓட்டிசம் உள்ள பலருக்கு இந்த வரிசை வேறு. 1983இல் அமிதா ஷாவும் யூட்டா ஃபிரித்தும் ஒரு சோதனை நடத்தினார்கள். பெரிய சித்திரம் ஒன்றினுள் மறைந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டிசம் உள்ள சிறுவர்கள் அதில் மற்றவர்களை முந்தினார்கள். 1993இல் அதே இருவர், வண்ணக் கட்டைகளை அடுக்கி ஒரு கோலத்தை உருவாக்கும் சோதனையை ஆராய்ந்தார்கள். கோலத்தை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியபோது மற்றவர்களின் வேகம் வெகுவாகக் கூடியது. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்களுடைய கண் அந்தப் பிரிப்பை ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

யூட்டா ஃபிரித் தொடக்கத்தில் இதனை முழுமையை ஒன்றுசேர்க்கும் ஆற்றலின் குறைவு என்றே விளக்கினார். ஆனால், 2006இல் அவரும் ஃபிரான்செஸ்கா ஹாப்பேயும் எழுதிய கட்டுரையில் 'குறை' என்பது பின்வாங்கி, நுணுக்கத்தை நாடும் ஒரு 'பாணி' என்ற கருத்து முன்வந்தது. 2015இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்களால் முழுமையைக் காண முடியவில்லை என்பதற்கு அதில் ஆதாரம் கிட்டவில்லை. முழுமையைக் காண அவர்களுக்கு நேரம் கூடுதலாக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முடியாது என்பதற்கும் நேரம் வேண்டும் என்பதற்கும் இடையிலான தூரம், ஒரு மனிதனுடைய தொழிலையும் திருமணத்தையும் சுயமரியாதையையும் தீர்மானிக்கக்கூடியது.

இதனை நான் ஓர் ஊரில் கண்ணால் கண்டேன். திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பால், புல்மோட்டை செல்லும் வழியில் உள்ளது திரியாய். 1985இல் எரிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த ஊர். அங்குள்ள குன்றினைத் தமிழர் கந்தசாமி மலை என்பர். உச்சியிலுள்ள தொல்பொருட் சின்னத்தைச் சிங்களவர் கிரிஹண்டு சேய என்பர். அதன் பாறையில் ஏறத்தாழ ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக்குரிய கல்வெட்டொன்று உள்ளது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், அவலோகிதேசுவரரைப் போற்றுவது, வணிகக் குழுவினரைக் குறிப்பிடுவது. இத்தனையும் ஒரே பாறையில்.

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தேன். நண்பரின் மகனுக்கு முப்பது வயதிருக்கும். இருபத்தைந்தைக் கடந்த பிறகே ஓட்டிசம் என்று கனடாவில் கண்டறியப்பட்டவர். பாறையின் முன் நின்ற ஐந்து நிமிடத்தில் நாங்கள் வழக்கைத் தொடங்கிவிட்டோம். எழுத்து பல்லவருடையது, ஆகவே எங்களுடையது என்றார் ஒருவர். பௌத்தம், ஆகவே அவர்களுடையது என்று எழுதிவைத்துவிடுவார்கள் என்றார் மற்றவர். தம்பி குந்தியிருந்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரந்தமும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. அரைமணி கழித்து, "மாமா, இந்த எழுத்தும் அங்க இருக்கிற எழுத்தும் ஒண்டுதான், கீழ் வரியிலயும் வருது" என்று விரலால் காட்டினார். மாலையில், ஊருக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், யாரும் கேளாமலே, "அதை ஒரே ஆள்தான் வெட்டியிருக்க வேணும்" என்றார்.

அந்த முடிவு சரியா என்பதைக் கல்வெட்டறிஞர்களே சொல்ல வேண்டும். நான் கவனித்தது வேறு. அவரிடம் முழுப்படம் இருந்தது. பகுதிகளிலிருந்து, சில மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. எங்களுடைய முழுப்படமோ திருகோணமலையிலிருந்தே எங்களோடு வாகனத்தில் வந்திருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்த பிறகுதான் கல்வெட்டின் பொருளைச் சொல்ல வேண்டும் என்பது அத்துறையின் பாலபாடம். அந்த ஒழுங்கு அன்று ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

இதனைக் கொண்டு ஓட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் அபூர்வ ஆற்றல் படைத்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஹெலிகொப்டரில் ஒருமுறை சுற்றிவந்து, 2005இல் தோக்கியோ நகரைப் பத்து மீற்றர் நீளத்தில் நினைவிலிருந்து வரைந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் போன்றவர்கள் மிக அரியவர்கள். கால்நடைத் தொழுவங்களை வடிவமைக்கும் டெம்பிள் கிராண்டின் இன்னொருவர். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தண்ணீரின் பளபளப்பு ஆகியவையே மாடுகளை மிரளவைக்கின்றன என்பதைக் கண்டு சொன்னவர். மாடு வளர்த்த திரியாய் விவசாயிக்கு இது புதிதாக இராது. ஓட்டிசம் உள்ள எல்லோரும் படங்களாலேயே சிந்திப்பதில்லை என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அதன் வேதனையையும் மறைக்கக்கூடாது. சன நெருக்கடி மிக்க பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு ஒலியும் ஒரே நேரத்தில் கவனத்தைக் கோரினால் என்னவாகும்? நாம் கழித்துவிடுவதை அவர்களால் கழிக்க முடிவதில்லை. புலன்களின் இந்த மிகையுணர்வு 2013இலேதான் அமெரிக்க உளமருத்துவ வரையறைக் கையேட்டில் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

இலங்கையின் ஒரு பகுதியில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான சிறிய ஆய்வொன்று, ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. அக்குழந்தைகள் இன்று வாக்களிக்கும் வயதினர். அதற்கு முந்திய தலைமுறையை நினைக்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. 1985இல் திரியாயிலிருந்து ஓடியவர்களிடையேயும், அகதி முகாம்களில் பிறந்தவர்களிடையேயும் இத்தகையோர் இருந்திருக்கவே வேண்டும். விசரன் என்றும், திமிர் பிடித்தவன் என்றும், ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் பெயர் வாங்கி, இன்று நாற்பது வயதைக் கடந்து ஏதோவொரு வீட்டின் பின்னறையில் இருப்பார்கள். புலம்பெயர் நாடுகளில் வளர்ந்தோருக்குப் பெயராவது கிடைக்கிறது. அதையும் "கலியாணம் குழம்பிவிடும்" என்று மறைக்கிறோம்.

அவர்களுக்காக வாசகர்களிடம் நான் கேட்பவை பெரியவையல்ல. வேலை கொடுப்பவர்கள், பத்து நிமிட நேர்முகத்தில் ஒருவரை எடைபோடாமல் ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். கட்டளைகளை எழுத்தில், படிப்படியாகக் கொடுக்கலாம். வீட்டில் உள்ளவர்கள், "சாராம்சத்தைச் சொல்லு" என்று அதட்டுவதற்கு முன் அவர் தொடங்கிய விபரத்தை முடிக்க விடலாம். கணக்கைச் சரிபார்த்தல், அச்சுப்பிழை திருத்தல், ஆவணங்களை ஒழுங்குபடுத்தல் ஆகியவை நம் சமூகத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வேலைகள். பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில், கூர்ந்த கண்ணுடைய ஓர் ஒப்புநோக்குநர் எத்தனை ஆசிரியர்களின் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் குடும்பத்தில் அப்படியொருவர் இருந்தால், இன்று அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம். எழுந்து போய்விடாதீர்கள்.