கொள்கை வேற்றுமையும் கிறிஸ்தவ ஐக்கியமும்

கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் எனது ஊர். மலையினின்று இழிந்துவரும் ஓடைகள் பல, ஊரை அடுத்துள்ள கோமுகி அணையில் வந்து கூடுகின்றன. அணையின் கரையில் நிற்பார் எவரும், இஃது இன்ன ஓடையின் நீர் என்று பிரித்துரைத்தல் இயலாது. கிறிஸ்தவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவோர் இத்தகைய உவமையொன்றைக் கூறி, வேற்றுமைகளையெல்லாம் மறந்துவிடுவதே ஐக்கியம் என்று முடித்துவிடுவது வழக்கம். யானும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் மனிதர் நீரல்லர். அவர்க்கு அறிவும் மனச்சான்றும் உண்டு. ஆகவே மறதி ஐக்கியமாகுமா என்பதை ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

என் பாட்டியார் லுத்தரன் சபையைச் சார்ந்தவர். அண்டைவீட்டு அம்மையார் பெந்தெகொஸ்தே சபையினர். குழந்தைகட்கு ஞானஸ்நானம் கொடுத்தல் தகுமா என்பது பற்றி அவ்விருவர்க்கும் ஓயாத வழக்கு. விசுவாசிக்கும் வயது வந்தபின்னரே ஞானஸ்நானம் பெறுதல் முறை என்பார் அம்மையார். யான் அவரை அறியுமுன்னரே ஆண்டவர் என்னை அறிந்துகொண்டாரன்றோ என்பார் பாட்டியார். இருவரும் இறுதிவரை தத்தம் கொள்கையில் அணுவளவும் தளர்ந்தாரல்லர். ஆயினும் பாட்டியார் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த நாளெல்லாம் காலைதோறும் கஞ்சி கொணர்ந்து புகட்டியவரும், அவர் இறந்த இரவு முழுதும் விழித்திருந்தவரும் அவ்வம்மையாரே. அவர்களிடத்து வேற்றுமை இருந்தது, பிரிவு இருந்ததில்லை.

தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் உரை கண்டார். அவர்க்குப் பின்வந்த சேனாவரையர் அவ்வுரையைப் பல இடங்களில் மறுத்தார். மறுக்குங்காலும் அவரை ‘உரையாசிரியர்’ என்றே மதிப்புடன் சுட்டினார். நச்சினார்க்கினியரோ சேனாவரையரையும் மறுத்தார். மறுப்பு இத்துணை இருந்தும் தொல்காப்பியம் மூன்றாகப் பிளவுபடவில்லை. நூலின்பால் உள்ள பற்றே அவர்களை வாதிடச் செய்தது. அப்பற்றே அவர்களை ஒரு மரபினராகவும் வைத்தது.

திருச்சபையிலும் இவ்வாறு நிகழ்தல் கூடுமோ எனின், கூடும் என்பதற்குத் தென்னிந்தியத் திருச்சபையின் வரலாறே சான்று. 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1919-ஆம் ஆண்டு மே மாதம் 33 பேர் கூடினர். வேதநாயகம் சாமுவேல் அசரியா பேராயர் அவர்களுள் ஒருவர். பிரிந்து கிடக்கும் சபைகள் இந்நாட்டில் ஒன்றாகவேண்டும் என்று அவர்கள் அறைகூவினர். ஆயின் இடையே நின்றது பெரியதொரு கொள்கைத் தடை. அப்போஸ்தலர் காலந்தொட்டு வழிவழியாக வரும் பேராயர் ஆட்சி திருச்சபைக்கு இன்றியமையாதது என்றனர் ஆங்கிலிக்கர் பலர். பேராயர் என்ற பதவியே வேண்டுவதில்லை என்னும் மரபில் வந்தவர் காங்கிரிகேஷனல் சபையார். இவர்கள் வாதிட்டது ஓராண்டு ஈராண்டு அன்று, இருபத்தெட்டு ஆண்டுகள். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை ஜியார்ஜ் பேராலயத்தில் ஐக்கியம் நிறைவேறியது. அசரியா பேராயர் அதனைக் காணாமலே 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

அவர்கள் கண்ட வழி யாது? பேராயர் பதவியை எல்லாரும் ஏற்றனர். ஆயின் அப்பதவிக்கு இன்ன பொருளே கொள்ளல் வேண்டும் என்று எவரும் எவரையும் நிர்ப்பந்திக்கவில்லை. முன்னரே குருப்பட்டம் பெற்றிருந்தோர் மீண்டும் பட்டம் பெறாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். புதிதாக வருவோர்க்குப் பேராயரே பட்டமளிப்பார் என்று வகுத்தனர். வேற்றுமையை மறைத்து வைத்தலன்று, அதனை ஒரே இல்லத்துள் வைத்துக்கொண்டு வாழ்தலே அவர்கள் துணிந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் போன்ற பெரியோர் இங்கிலாந்திலிருந்து இதனைக் கண்டித்தனர். எனினும் அவ்வில்லம் இடியவில்லை.

எங்கள் பகுதியின் லுத்தரன் சபையார் இவ்வைக்கியத்திற் சேரவில்லை. திருவிருந்தைப் பற்றியும் விசுவாச அறிக்கையைப் பற்றியும் முதற்கண் உடன்பாடு காணல் வேண்டும் என்பது லுத்தரன் கொள்கை. இதனைப் பிடிவாதம் என்று இகழ்தல் நேர்மையன்று. உண்மையைப் பொருட்படுத்துவோரே அதற்காகக் காத்திருப்பர். சேராதிருந்தும் இருதிறத்தாரும் பகைத்திலர். 1969-இல் தோன்றிய மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபையின் மாணவரும் ஒருங்கே பயில்கின்றனர்.

அங்ஙனமாயின் நம்மை உண்மையிற் பிரிப்பது எது? இவ்வினாவிற்கு விடை தேடுவார் நம் நாட்டுச் சபைச் சரித்திரத்தின் துயரமான பக்கங்களைப் புரட்டல் வேண்டும். 1833-ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சை, வேப்பேரி முதலிய இடங்களில் பலர் அதற்கு இணங்காது விலகினர்; பின்னர் அவருள் ஒரு சாரார் லைப்சிக் லுத்தரன் மிஷனிற் சேர்ந்தனர். திருவிருந்தைப் பற்றிய உபதேசத்தை ஆராய்ந்தோ சேர்ந்தனர்? அன்று. சபை மாறியது சாதி மாறாதிருத்தற்பொருட்டே.

சாதி ஓர் உலக வழக்கு. சுவிசேஷத்தின் ஆற்றலால் அது மெல்ல மெல்லத் தேயும் என்பது அம்மிஷன் தலைவர்களின் எண்ணம். அதே மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர் அவ்வாறு கருதவில்லை. உடன் உண்ண மறுப்பவன் கிறிஸ்துவை மறுக்கின்றான் என்பதே அவரது துணிபு. அவர் மிஷனை விட்டு விலகித் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் புதிய பணியைத் தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தார் அவரோடு இணைந்தனர். அவ்விதையே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. ஆக, எங்கள் பகுதியின் சபை ஒரு பிரிவினையிற் பிறந்தது. ஆயின் அப்பிரிவினை ஐக்கியத்தின்பொருட்டு நிகழ்ந்த பிரிவினை. கொள்கைகளையெல்லாம் மறந்துவிடுக என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஓக்ஸ் ஐயர் தம் கொள்கையை மறந்திருப்பின் மிஷன் பிளவுபடாதிருந்திருக்கும். பந்தி பிளவுபட்டே கிடந்திருக்கும்.

இவை பழங்கதை அல்ல. இன்று எமது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய எறையூரில், ஆலயத்திலும் இறுதி ஊர்வலத்திலும் தாங்கள் வேறுபடுத்தப்படுவதாகக் கூறித் தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப்பங்கு வேண்டினர். அதனையொட்டி 2008 மார்ச்சு மாதத்தில் கலகம் மூண்டது. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். இருதிறத்தாரும் ஓதியது ஒரே விசுவாசப் பிரமாணம். உட்கொண்டது ஒரே நற்கருணை. அவர்களிடையே உபதேச வேற்றுமை எள்ளளவும் இல்லை. குறை கத்தோலிக்கரிடத்து மட்டுமே என்று புரொட்டஸ்டாண்டார் எவரும் கூறற்க. நம் கல்லறைத் தோட்டங்களையும் நம் மணப்பந்தல்களையும் நோக்குவார்க்கு நாவெழாது.

அன்பர்காள்! ஒரே கொள்கையினர் ஒருவர் பிணம் செல்லும் வழியை மற்றொருவர் மறிக்கின்றனர். மாறுபட்ட கொள்கையினரோ ஒருவர்க்கொருவர் கஞ்சி ஊட்டுகின்றனர். ஆதலின் ஐக்கியத்தின் பகைவன் கொள்கை வேற்றுமையன்று என்பது தெளிவு. தம்மவர் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்று பாடுபடுமுன் இரவில் பிதாவை வேண்டிய ஆண்டவர், அவர்கள் சத்தியத்தினாலே பரிசுத்தமாக்கப்படவேண்டும் என்றும் அவ்வேளையிலேயே வேண்டினார்.

நமது கல்லூரியில் பல சபையினரும் ஒருங்கு வாழ்கின்றோம். ஞானஸ்நானம் பற்றியும் திருவிருந்து பற்றியும் நாம் அஞ்சாது வாதிடுவோமாக. வாதிடுமுன் மற்றவர் கொள்கையை அவர் வாயாலேயே கேட்டறிவோமாக. வாதம் முடிந்தபின் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போமாக. ஆயின் எவரேனும் ‘இவன் எந்தச் சாதியினன்?’ என்று வினவுவாராயின், ஆண்டு வாதத்திற்கு இடமில்லை. மறுப்பு ஒன்றிற்கே இடமுண்டு. அம்மறுப்பைச் சொல்லத் துணிவில்லாதவன், ஐக்கியத்தைப் பற்றி எத்துணை இனிமையாகப் பேசினும், என் பாட்டியாரும் அண்டைவீட்டு அம்மையாரும் அறிந்திருந்ததை இன்னும் அறிந்தவனல்லன்.