ஏழடிப் பையனும் ரெண்டு கோஷ்டியும்

ஆணி புடுங்குறதுல கொஞ்சம் இடைவெளி கிடைச்சதால, ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உட்கார்ந்துட்டேன். இது கூடைப்பந்துப் பதிவு. கிரிக்கெட் மட்டும் பாக்குற மக்கள் பாதியில ஓடிடாதீங்க. விதிமுறையெல்லாம் தெரியலைன்னாலும் சண்டை புரியும். சண்டைதான முக்கியம் :-)

சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே பக்கம் பொட்டி தட்டுற நாலு பேர் சேர்ந்தா பேச்சு மூணு விஷயத்துல ஒண்ணுல போய் நிக்கும். விசா, வீட்டு விலை, வாரியர்ஸ். 2020 நவம்பர்ல இருந்து 2023 பிப்ரவரி வரைக்கும் அந்த மூணாவது விஷயத்துக்கு ஜேம்ஸ் வைஸ்மேன்னு பேர். நான் எம்.எஸ். முடிச்சு வேலையில சேர்ந்த புதுசு. கொரோனா காலம். அலுவலகத்தை கண்ணால பாக்காமலே வேலை செஞ்சிட்டு, சாயங்காலம் ஆனா வாரியர்ஸ் மேட்ச் பாக்குறதைத் தவிர வேற போக்கிடம் இல்லை. அதனால இந்த வாய்க்கால் தகராறை முதல் நாள்ல இருந்தே பாத்தவன்னு சொல்லிக்கலாம்.

தெரியாதவங்களுக்கு முன்கதை. 2015ல இருந்து 2019 வரைக்கும் வாரியர்ஸ் அணி தொடர்ந்து அஞ்சு வருஷம் இறுதிப் போட்டிக்குப் போச்சு, மூணு தடவை கோப்பை. அப்புறம் எல்லாம் சரிஞ்சுது. 2019 இறுதிப் போட்டியில கிளே தாம்சனுக்கு முழங்கால் போச்சு, கெவின் டுரான்ட் புரூக்ளினுக்குப் போயிட்டார், சீசன் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஸ்டெஃப் கரிக்கு கை உடைஞ்சுது. 15 வெற்றி, 50 தோல்வி. முப்பது அணிகள்ல கடைசி இடம். அமெரிக்காக்காரன் வழக்கப்படி நல்லா தோத்தா பரிசு உண்டு. அடுத்த வருஷம் புதுசா வர்ற பசங்கள்ல யாரை எடுக்கிறதுன்னு முன்வரிசையில நின்னு தேர்ந்தெடுக்கலாம். அந்த டிராஃப்டுல வாரியர்ஸுக்குக் கிடைச்சது ரெண்டாவது இடம்.

2020 நவம்பர் 18. முழங்கால் சரியாகி திரும்பி வரவேண்டிய கிளே தாம்சனுக்கு அதே நாள் கால்ல அடிபட்டுச்சுன்னு செய்தி வந்துட்டிருக்கு. அதே சாயங்காலம் வாரியர்ஸ் வைஸ்மேனை எடுத்தாங்க. வயசு 19. ஏழடி உயரம். கையை விரிச்சா ஏழரை அடி. கல்லூரியில ஆடின மேட்ச் எத்தனை? மூணே மூணு. 2017ல அவன் குடும்பம் மெம்ஃபிஸுக்கு வீடு மாத்துறதுக்கு பென்னி ஹார்டவே 11,500 டாலர் குடுத்திருந்தார். பின்னாடி அவரே மெம்ஃபிஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆனதும் அது பிரச்சினை ஆகி, பையனுக்கு 12 மேட்ச் தடை. அவன் 'போங்கடா'ன்னு 2019 டிசம்பர்லயே கிளம்பிட்டான். ஆக, ஒரு வருஷமா சரியா மேட்ச்சே ஆடாத பையன். போதாக்குறைக்கு அந்த வருஷம் கோடைக்கால லீக் கிடையாது. இவனுக்கு கொரோனா வந்து சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்களும் போச்சு. டிசம்பர் 22ம் தேதி முதல் மேட்ச்ல நேரா தொடக்க ஐவர்ல இறக்கி விட்டாங்க. 19 புள்ளி எடுத்தான்.

அன்னிக்கு ராத்திரியே ரெண்டு கோஷ்டி உருவாயிடுச்சு.

முதல் கோஷ்டி, 'பொறுமை' கோஷ்டி. பிக் மேன்னா பழுக்க நேரமாகும், உயரத்தைச் சொல்லிக்குடுக்க முடியாது, மத்ததைச் சொல்லிக்குடுத்துக்கலாம், இன்னும் அஞ்சு வருஷத்துல பாருங்கன்னு சொன்னவங்க. ஏழடிப் பையன் பந்தைத் தட்டிக்கிட்டே இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடிப்போய் டங்க் பண்ணா யாருக்குத்தான் நாக்குல எச்சில் ஊறாது? ரெண்டாவது கோஷ்டி, 'வித்துருங்க' கோஷ்டி. மூணாவது இடத்துல சார்லட் எடுத்த லமெலோ பால் அந்த வருஷம் சிறந்த புதுமுகம் விருது வாங்கினது இவங்களுக்கு தீராத வயித்தெரிச்சல். கரிக்கு 33 வயசு ஆச்சு, மேட்ச்சுக்கு 32 புள்ளி அடிச்சு லீக்லயே முதல்ல நிக்கிறார், அவரோட ஒரு வருஷத்தை இந்தப் பையனுக்கு பாடம் நடத்துறதுல வீணாக்கலாமாங்கிறது அவங்க கேள்வி. 2021 ஏப்ரல் 10ம் தேதி பையனுக்கு வலது முழங்கால்ல அடிபட்டு சீசன் முடிஞ்சுது. அந்த மேட்ச்சையும் சேர்த்து கடைசி 20 மேட்ச்ல வாரியர்ஸ் 15 ஜெயிச்சாங்க. இந்த ஒரு கணக்கை ரெண்டாவது கோஷ்டி வேதவாக்கு மாதிரி ரெண்டு வருஷம் ஓதிட்டு இருந்தாங்க.

என் கடுப்பு என்னன்னா, ரெண்டு கோஷ்டியுமே 'பொடென்ஷியல்'னு ஒரு சாமான் அந்தப் பையன் உடம்புக்குள்ள இருக்கிற மாதிரியே பேசினாங்க. ரத்தப் பரிசோதனையில சர்க்கரை அளவு பாக்குற மாதிரி. ஒருத்தர் நிறைய இருக்குங்கிறார், இன்னொருத்தர் இல்லவே இல்லைங்கிறார். எந்த இடத்துல, யார்கூட, எத்தனை தப்பு பண்றதுக்கு அவனுக்கு அனுமதி இருக்குங்கிற கேள்வியை யாரும் கேக்கல.

வாரியர்ஸ் ஆட்டத்துல பிக் மேனுக்கு என்ன வேலைன்னு கொஞ்சம் பாப்போம். கரி பந்தோட வர்றப்போ சென்டர் வந்து சுவர் மாதிரி நின்னு கரியைத் துரத்துற ஆளை மறிக்கணும். இதுக்குப் பேர் ஸ்கிரீன். நிக்கிற கோணம் கொஞ்சம் தப்பினா சுவர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கால் லேசா நகர்ந்தா ஃபவுல். சரியா நின்னா, பயந்துபோய் கரி மேல ரெண்டு பேர் பாய்வாங்க. உடனே கரி பந்தை இந்த சென்டர் கையில திணிச்சிடுவார். இப்போ முன்னாடி எதிராளி மூணு பேர், நம்ம ஆளு நாலு. ஒரு நொடி நேரம். அதுக்குள்ள தானே போறதா, மூலையில நிக்கிறவனுக்கு வீசுறதா, திரும்பி கரிக்கே குடுக்கிறதான்னு முடிவெடுக்கணும். டிரேமண்ட் கிரீன் இதைத் தூக்கத்துல செய்வார். வைஸ்மேன் பந்தைப் பிடிச்சு, குனிஞ்சு பாத்து, நிமிர்றதுக்குள்ள அந்த ஒரு நொடி போயிருக்கும்.

இதுல பெரிய கொடுமை, ஸ்டீவ் கெர் அணியில நிறைய நகர்வுகளுக்கு முன்கூட்டியே எழுதின திட்டம் கிடையாது. கரி, கிரீன், தாம்சன் மூணு பேரும் பல வருஷம் சேர்ந்து ஆடி, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்து நகர்ந்தவங்க. டாக்குமெண்டேஷனே இல்லாத பத்து வருஷப் பழைய கோடு, எழுதின மூணு பேரும் அப்போ அதே டீம்ல. அதுல ஒரு ஃப்ரெஷரைத் தூக்கிப்போட்டு நேரா புரொடக்‌ஷன்ல கை வைக்கச் சொன்ன கதைதான். (நான் முதல்ல சேர்ந்த டீம்ல எனக்கும் இதே கதிதான். சந்தேகம் கேட்டா 'கோடைப் படிச்சுப் பார்'ன்னு ஒரு பதில் வரும். அது தனிப் பதிவு.)

தடுப்பாட்டம் இன்னும் மோசம். சென்டர்தான் பின்னாடி நின்னு மொத்த மைதானத்தையும் பாக்குறவன், கிட்டத்தட்ட விக்கெட் கீப்பர் மாதிரி. வலது பக்கம் ஸ்கிரீன் வருது, இடது பக்கம் ஆள் நழுவுறான்னு கத்திக்கிட்டே இருக்கணும். முன்னாடி ஏறணுமா பின்னாடி இறங்கணுமான்னு அவன் எடுக்கிற அரை அடி முடிவுலதான் ரெண்டு புள்ளி போறதும் தங்குறதும். 19 வயசுப் பையன் கிரீனையும் கரியையும் பாத்து எங்க கத்துறது?

இதெல்லாம் தப்பு பண்ணிப் பண்ணித்தான் வரும். தோத்துக்கிட்டே இருக்கிற அணியில 19 வயசுக்காரன் பண்ற தப்புக்கு விலை கிடையாது. வாரியர்ஸ்ல ஒவ்வொரு தப்புக்கும் கரியோட 33வது வயசுல இருந்து பணம் எடுத்துக் கட்டணும். அதனாலதான் பொறுமை கோஷ்டியைப் பாத்தா எனக்கு 'ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே'ங்கிற பழமொழி ஞாபகம் வரும். தாராளமா அள்ளி ஊத்துறாங்க, ஆனா நெய் அவங்களோடது இல்லை.

வித்துருங்க கோஷ்டி சொன்ன முடிவு சரி. அதை ஒரு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. ஆனா அதுக்கு அவங்க சொன்ன காரணம் இருக்கே, அதுதான் சகிக்கல. மக்கு, சோம்பேறி, மூளையில்லாதவன். எதை வெச்சு? 39 மேட்ச்சை வெச்சு. அதுல பெரும்பாலும் ஆளில்லாத அரங்கம். அப்புறம் 2021-22 சீசன் முழுக்க முழங்கால் வீங்கி உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு நிமிஷம்கூட ஆடாத அந்த வருஷம்தான் வாரியர்ஸ் பாஸ்டனை ஜெயிச்சு கோப்பை வாங்கினாங்க.

2022 நவம்பர்ல மறுபடி ஃபார்ம் இல்லாம அவனை சான்டா குரூஸ்ல இருக்கிற கிளை அணிக்கு அனுப்பினாங்க. 17ம் நம்பர் நெடுஞ்சாலையில மலையேறி இறங்கினா அந்த ஊர். நானும் ஒரு நண்பனும் போய் பாத்தோம். சுமார் 2500 பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம், பையன் பக்கத்துல நின்னா பனைமரம் மாதிரி இருக்கான். பின்வரிசையில ஒரு பெரியவர் அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் லமெலோ பால் பேரைச் சொல்லிக் கத்திட்டிருந்தார். 21 வயசுப் பையன் திரும்பிப் பாக்கவே இல்லை. நண்பன் பொறுமை கோஷ்டி. திரும்பி வர்ற வழியெல்லாம் அவன் பேசவே இல்லை.

இன்னொரு பக்கம் கெவான் லூனின்னு ஒருத்தர் இருந்தார். 2015 டிராஃப்டுல 30வது ஆள். ஆறடி ஒன்பது அங்குலம், சென்டருக்கு குள்ளம். வந்ததும் ரெண்டு இடுப்புலயும் அறுவை சிகிச்சை, முதல் சீசன்ல அஞ்சே மேட்ச். 2017ல அவரோட ஒப்பந்தத்தை நீட்டிக்கிற வாய்ப்பையே வாரியர்ஸ் வேண்டாம்னு விட்டாங்க. அவர் பொடென்ஷியலைப் பத்தி எந்தக் கோஷ்டியும் தொண்டை கிழியக் கத்தல. அந்த மனுஷன் 2021-22ல 82 மேட்ச்சும் ஆடி, மெம்ஃபிஸை வெளியேத்தின ஆட்டத்துல 22 ரீபவுண்ட் எடுத்தார். யாருமே பாக்காததால நிதானமா தப்பு பண்ணி கத்துக்கிட்டார்னு நான் நினைக்கிறேன். ரெண்டாவது இடத்துல வந்த பையனுக்கு அந்த வசதி கிடையாது.

2023 பிப்ரவரியில கடைசியா வைஸ்மேனை டெட்ராய்ட்டுக்கு மாத்தி விட்டாங்க. மொத்தம் ஆடினது 60 மேட்ச். நாலு அணி சேர்ந்த அந்தப் பரிமாற்றத்துல வாரியர்ஸுக்கு வந்தவர் யாருன்னு பாருங்க: 2022 கோப்பை அணியில இருந்து போயிருந்த ரெண்டாம் கேரி பேட்டன். உயரம் ஆறடி ரெண்டு அங்குலம்! ஆனா வாரியர்ஸ் ஆட்டத்துல அவர் செஞ்ச வேலை பாதி பிக் மேன் வேலைதான். ஸ்கிரீன் வைக்கிறது, வளையத்துக்குக் கீழ ஒளிஞ்சு நிக்கிறது, அந்த ஒரு நொடி முடிவு. ஏழடியைக் குடுத்து ஆறே கால் அடியை வாங்கி அதே ஓட்டையை அடைச்சாங்க. அடுத்த டிராஃப்டுல 57வதா எடுத்த டிரேஸ் ஜாக்சன்-டேவிஸ் நாலு வருஷம் கல்லூரியில ஆடி முடிச்சவர். வந்த முதல் சீசன்லயே அணியில இடம் பிடிச்சார். தப்பையெல்லாம் வேற யார் செலவுலயோ பண்ணிட்டு வந்த ஆள்.

வைஸ்மேன் டெட்ராய்ட்ல அந்த சீசன்ல 24 மேட்ச்ல சராசரி 12.7 புள்ளி, 8.1 ரீபவுண்ட் எடுத்தான். தோக்குற அணி, தப்பு பண்ண இடம் இருந்தது. ஆனா அங்கயும் நிலைக்கல. 2024 அக்டோபர்ல இந்தியானா அணிக்காக முதல் மேட்ச், அதே டெட்ராய்ட்ல. அஞ்சு நிமிஷம் ஆடினான், குதிகால் நரம்பு அறுந்துபோச்சு. அன்னிக்கு சாப்பாட்டு மேசையில ரெண்டு கோஷ்டியும் ஒண்ணும் பேசல.

டிஸ்கி: 'அப்ப லமெலோ பாலை எடுத்திருக்கணுமா'ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறீங்கன்னு தெரியும். வேணாம். அவரும் 19 வயசு, அவருக்கும் பந்து எப்பவும் கையில வேணும். கரி பக்கத்துல அது சரிப்படாது. நான் எடுத்திருந்தா அதே டிராஃப்டுல 12வதா போன டைரீஸ் ஹாலிபர்ட்டனை எடுத்திருப்பேன். ரெண்டு வருஷம் கல்லூரியில ஆடினவர், பந்தைக் கையில வெச்சுக்காம உடனே அடுத்தவனுக்குக் குடுக்கத் தெரிஞ்சவர். 2025ல இந்தியானாவை இறுதிப் போட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போனவர். இதைச் சொன்னா மட்டும் ரெண்டு கோஷ்டியும் ஒண்ணு சேர்ந்து என்னை அடிக்க வர்றாங்க :-)