ரீமேப் செய்யும் முன் ஸ்கேனரைப் பாருங்கள்

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம் என்றால் சரி. ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இப்போது அந்த வேலை இசியு என்ற கம்ப்யூட்டருடையது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று சொல்லிக்கொண்டே இருக்க, இசியு அதற்கேற்ப இன்ஜெக்டரைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃப்யூவல் டிரிம். சாதாரண ஸ்கேனரைச் செருகினாலே சதவிகிதத்தில் தெரியும். கூட்டல் 5, கழித்தல் 5 வரை கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் எங்கோ ஏதோ சரியில்லை.

‘பிக்கப் போதவில்லை, ரீமேப் செய்துவிடலாம்’ என்று வருகிறவர்கள் பலரும் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அவசரக்கார ட்யூனரும் பார்ப்பதில்லை. மேப்பில் பெட்ரோலைக் கூட்டிவிடுகிறார். வண்டி ஓடும். பழுது உள்ளேயே இருக்கும்.

எண்ணை விட அது எப்போது ஏறுகிறது என்பதுதான் துப்பு. ஐடிலில் கூட்டல் 20, வேகம் பிடித்தால் இறங்கிவிடுகிறது என்றால், பெரும்பாலும் வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்று சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் ஏமாறும். இசியு இன்னும் ஊற்றும். மைலேஜ் எங்கே போனது என்று உரிமையாளர் பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்!

ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் பல கார்களில் இசியு ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. மேப்பை மட்டும் நம்பி, சக்திக்காகவும் சூடு தணியவும் பெட்ரோலைக் கூட்டித் தருகிறது. விகிதம் 12.5 என்ற அளவுக்கு வரும். பம்ப் பலவீனமாக இருக்கும் டர்போ காரில் பூஸ்ட்டையும் ஏற்றிவிட்டால், கேட்ட பெட்ரோல் வந்து சேராது. சூடு ஏறும், நாக்கிங் வரும், கடைசியில் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

அதனால் நல்ல ட்யூனர் வைட்பேண்ட் சென்சார் பொருத்தி ஓட்டிப் பார்ப்பார். வழக்கமான பழைய சென்சாருக்கு 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் தெரியாது, இதற்குத் தெரியும். 5,000 ஆர்பிஎம்மில் 12.5 வேண்டிய இடத்தில் 13.5 காட்டுகிறது என்று வையுங்கள். 13.5-ஐ 12.5-ஆல் வகுத்தால் 1.08. மேப்பில் அந்தக் கட்டத்தில் மட்டும் 8 சதவிகிதம் கூட்டிவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மொத்த மேப்பையும் ஒரே தட்டில் ஏற்றுவது வேலையே அல்ல.

20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலில் 14.7 என்ற கணக்கே மாறிவிடுகிறது, அதற்கு 13.5 அளவுதான் சரியான விகிதம். எனவே விவரமான ட்யூனர்கள் லாம்டாவில் பேசுவார்கள். எந்த எரிபொருளானாலும் லாம்டா 1 என்றால் சரியான கலவை.

ரீமேப்புக்குக் காரை விடுகிறவர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த டிரிம், வைட்பேண்ட் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்றால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.