ஒரு வரித் திருத்தம்னா அவ்வளவு இளக்காரமா?

"ஒரே ஒரு வரி சேர்த்திருக்காங்க. இதுக்குப் போய் பாதுகாப்புக் குறைன்னு நம்பர் எல்லாம் குடுத்துப் பெரிசு பண்ணணுமா?" கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நண்பன் ஒருவன் கேட்டது. வாய்விட்டுக் கேட்டது அவன் மட்டும்தான். மனசுக்குள் இப்படி நினைப்பவர்கள் ஏராளம். பி.காம் படிக்கிற உனக்கு லினக்ஸ் கர்னலில் என்ன வேலை என்பது அவனுடைய அடுத்த கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சங்கதி என்ன என்று பார்ப்போம். ரிக்கோவின் ஆர்592 என்பது லேப்டாப்களில் சோனியின் மெமரி ஸ்டிக் கார்டைப் படிப்பதற்கான கன்ட்ரோலர். லினக்ஸில் அதற்குரிய டிரைவரின் காப்புரிமை வரியில் 2010 என்று இருக்கிறது. கார்டைச் செருகினாலோ உருவினாலோ கன்ட்ரோலர் ஓர் இன்டரப்ட் அனுப்பும். டிரைவர் உடனே கார்டைத் தேடி ஓடாது. ஒரு டைமரை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்கும். நேரம் வந்ததும் டைமரின் ஃபங்ஷன் ஓடி, கார்டு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து மேலடுக்குக்குச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான்.

வினை, கடையை மூடும்போது வந்தது. டிரைவரை நீக்கும் ஃபங்ஷன் வேலையாளை நிறுத்தியது, இன்டரப்டை விட்டுக்கொடுத்தது, நினைவகத்தையும் திருப்பிக் கொடுத்தது. வைத்த டைமரை மட்டும் ரத்து செய்யவில்லை. அந்த டைமர் இருந்ததோ, திருப்பிக் கொடுத்த அதே நினைவகத்துக்குள்! வீட்டை இடித்த பிறகும் அதற்குள் இருந்த அலாரம் அடிக்கப்போகிறது என்றால் எப்படி? பத்தாண்டுக்கும் மேல் இது அப்படியே கிடந்தது. 2023-ல்தான் சி.வி.இ-2023-3141 என்ற எண்ணோடு வெளியே வந்தது. சாதனம் துண்டிக்கப்படும் நேரத்தில் உள்ளூர்ப் பயனர் ஒருவர் கணினியைக் கவிழ்க்கலாம், கர்னலின் தகவல் கசியவும் வாய்ப்புண்டு என்பது அந்தக் குறிப்பின் சாரம். திருத்தம்? நீக்கும் ஃபங்ஷனில் டெல்_டைமர்_சிங்க் என்று ஒரு வரி.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று பேங்க்குக்குப் போனால், கொடுத்த செக் ஏதாவது வெளியே நிற்கிறதா என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று பிளஸ் ஒன்னிலேயே மாய்ந்து மாய்ந்து போட்டோமே, அது எதற்கு? இன்னும் வந்து சேராத செக் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். டைமர் என்பது பின்தேதியிட்ட செக். கொடுத்தவன் மறந்தாலும் அது மறக்காது. தேதி வந்தால் வந்து நிற்கும்.

கர்னலில் டெல்_டைமர் என்று இன்னொன்று இருந்தது. அது 'ஸ்டாப் பேமென்ட்' மாதிரி. செக் இன்னும் வாங்கினவர் பையில் இருந்தால் வேலை செய்யும். ஏற்கெனவே கவுன்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அதாவது, டைமரின் ஃபங்ஷன் இன்னொரு பிராசஸரில் ஓட ஆரம்பித்திருந்தால், டெல்_டைமர் அதற்காகக் காத்திருக்காது. சிங்க் என்ற வால் ஒட்டியதுதான், ஓடுவது முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பும்.

"அப்படின்னா எல்லா இடத்துலயும் சிங்க் போட்டுட்டா முடிஞ்சுதே" என்பீர்கள். முடியாது! ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிங்க்கை அழைக்கிறோம், டைமரின் ஃபங்ஷனும் அதே பூட்டுக்காக நிற்கிறது என்றால், மேனேஜர் கையெழுத்துக்குக் கேஷியரும் கேஷியர் சாவிக்கு மேனேஜரும் காத்திருக்கும் கதைதான். இன்னொன்று, இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருந்தால், நாம் ரத்து செய்த அடுத்த நொடியே அது டைமரை மறுபடி வைத்துவிடலாம். இந்தச் சுழலுக்காகத்தான் 2023-ல் வந்த 6.2 கர்னலில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் சேர்ந்தது. அது செக் புத்தகத்தையே கிழித்துப் போடுகிற வேலை. அதற்குப் பிறகு யார் டைமரை வைக்கப் பார்த்தாலும் நடக்காது. டெல்_டைமர் என்ற பழைய பெயரும் 2025-ல் 6.15-ல் நீக்கப்பட்டு டைமர்_டெலீட் ஆகிவிட்டது.

ஆக, அந்த ஒரு வரியை எங்கே வைப்பது, எந்தப் பூட்டுக்கு வெளியே, இன்டரப்டுக்கு முன்பா பின்பா என்று தெரிய முழு டிரைவரையும் படித்திருக்க வேண்டும். வரியை எண்ணி உழைப்பை அளப்பவர்கள், ஆடிட்டரின் கையெழுத்தும் ஒரு வரிதான் என்பதை யோசிக்கட்டும் :-)

அடுத்த வாதம்: "மெமரி ஸ்டிக்கை இப்ப யாரு வச்சிருக்கா? லட்சத்துல ஒரு தடவை நடக்கிற விஷயம்." அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அபூர்வம் என்பது தற்செயலாக நடப்பதற்கான கணக்கு. வேண்டுமென்றே அந்த நொடிக்காகத் திரும்பத் திரும்ப முயல்பவனுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? இருப்பாய்வில் பத்து ரூபாய் இடித்தால் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்லியா நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? அந்தப் பத்து ரூபாய், ஒன்றையொன்று மறைத்துக்கொண்ட இரண்டு பெரிய தப்புகளின் மிச்சமாக இருக்கலாம் என்றல்லவா சொன்னார்கள்!

என் கோபம் அந்த டிரைவரை எழுதியவர் மேல் இல்லை. தன் நேரத்தைப் போட்டு எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கார்டு லினக்ஸில் வேலையே செய்திருக்காது. கோபமெல்லாம், ஆரம்பிப்பதை மட்டும் திறமை என்று கொண்டாடி, முடித்து வைப்பதை எடுபிடி வேலையாக நினைக்கிற நம் புத்தி மேல். புராஜெக்ட் மதிப்பீட்டில் "இது என்னவெல்லாம் செய்யும்?" என்று கேட்கிறார்கள். "இதை நிறுத்தினால் என்னவெல்லாம் மிச்சம் நிற்கும்?" என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால், அடுத்த முறை ஒரு வரித் திருத்தத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால், உங்கள் சொந்தப் புரோகிராமைத் திறங்கள். வைத்த டைமர் எத்தனை, ரத்து செய்தது எத்தனை என்று இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டுங்கள். பற்றும் வரவும் சரியாக வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.